திருநாளன்று உப்பில்லாத கஞ்சி

காணாமற்போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோணியார். ஆடு தொலைந்தாலும் அவரிடம்தான் போவார்கள், கம்மல் தொலைந்தாலும் அவரிடம்தான். அவர் வீட்டிலேயே களவு போனால் எங்கே போய்ச் சொல்வது?

1972, ஜூன் 13. செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் திருநாள். சாந்தன்பாறைக்கு மேலே ஏலக்காட்டு நடுவில் கல்லுமேடு பெண்கள் போர்டிங் பள்ளிக்கூடம். அதன் சின்னக் கோயிலில், அந்தோணியார் கையிலிருந்த குழந்தை இயேசுவின் தலை அன்று காலையில் வெறுமையாக இருந்தது. முந்தின சாயங்காலம் வரை அங்கே ஒரு வெள்ளிக் கிரீடம் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற கிரீடம்தான். ஆனால் சுற்றுவட்டத்து எஸ்டேட் பெண்கள் காலில் கிடந்த கொலுசைக் கழற்றிக் கொடுத்து, உருக்கிச் செய்தது. சாமி எந்தச் சாமி என்று பார்க்காமல் கொடுத்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்குத் திருநாள் பூசை. கொலுசு கொடுத்தவர்கள் அத்தனை பேரும் மலையேறி வந்துவிடுவார்கள்.

முதலில் கத்தியவர் சுவக்கீன்.

"கள்ளன்! கள்ளன்! கோயில்ல கள்ளன் பூந்துட்டான்!"

சுவக்கீன் பள்ளிக்கூடத்து ஸ்டோர் கீப்பர். அரிசி, பருப்பு, எண்ணெய், பிள்ளைகளுக்கு வருகிற பால்பவுடர் டப்பா, எல்லாம் அவர் பூட்டுக்குள்தான். பல வருஷம் ஏலக்காட்டில் கங்காணியாக இருந்துவிட்டு இங்கே வந்தவர். வெற்றிலை போடமாட்டார், பீடி குடிக்கமாட்டார், தங்கமான மனுசன் என்று பேர். அவர் பலபலவென்று விடிகிற நேரத்தில் ஏலக்காட்டுப் பக்கமிருந்து தொப்பலாக நனைந்து ஓடிவந்தார். கையில் ஒரு கறுப்புக் கம்பளி. கள்ளன் விட்டுவிட்டுப் போனது, முள்வேலியில் மாட்டிக் கிடந்தது என்றார்.

பிள்ளைகள் படுக்கையிலிருந்து எழுந்தது எழுந்தபடி ஓடிவந்தார்கள். தலைமையாசிரியை சிஸ்டர் ஞானஜோதி வந்தார். கோயில் கதவு உடைபடவில்லை. சாவி போட்டுத் திறந்திருக்கிறது. அந்தச் சாவி ஸ்டோர் வாசல் ஆணியில்தான் எப்போதும் தொங்கும், யார் கைக்கும் எட்டும்.

அந்த நேரம் பார்த்து அதே ஏலக்காட்டிலிருந்து ஒரு பெண் தலைகுனிந்து நடந்து வந்தாள். பாவாடை நனைந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே ரத்தம் கோடு கோடாக வழிந்தது.

வேலுத்தாய். எட்டாம் வகுப்புக்குப் புதிதாக வந்தவள், சக்குபள்ளத்தில் ஏலத்தோட்ட வேலை பார்க்கும் மொக்கையனின் மகள். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. புதுப் பிள்ளைகள் இன்னும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நாட்கள். இவள் மட்டும் அழாமல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். இந்த வாரம் கோயிலைத் திறந்து, பெருக்கி, பூ வைக்கிற முறை அவளுடையது.

"எங்கடி போனே?" என்றார் சிஸ்டர்.

வேலுத்தாய் பாவாடை ஈரத்தைப் பிழிந்தாள்.

"கிரீடம் எங்கே?"

"நான் எடுக்கல சிஸ்டர்."

சுவக்கீன் கம்பளியை விரித்துக் காட்டினார். சிவப்புக் கரை. ஒரு மூலையில் நீல நூலால் ஒட்டுப் போட்டிருந்தது.

"நல்லாப் பாருங்க சிஸ்டர். நேத்துச் சாயங்காலம் மகளப் பாக்க வந்தானே மொக்கையன், அவன் போத்தியிருந்த கம்பிளி இதான். அப்பன் வெளிய நின்னிருக்கான், மக கதவத் தொறந்துவிட்டிருக்கா. சின்னப் புள்ள, பாவம், சொல்லிக் குடுத்ததச் செஞ்சிருக்கு."

முந்தின நாள் மொக்கையனை எல்லாரும்தான் பார்த்திருந்தார்கள். அந்தக் கம்பளியையும் பார்த்திருந்தார்கள். வேலுத்தாய் நீல ஒட்டைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

சிஸ்டர் ஞானஜோதி பொல்லாதவர் அல்ல. ஆனால் கொலுசு கொடுத்த பெண்களின் முகத்தில் அவர்தானே முழிக்க வேண்டும்?

"மூணு மணிப் பூசைக்குள்ள கிரீடம் வரலேன்னா போலீசுக்குச் சொல்லிடுவேன். இவளையும் இங்க வச்சுக்க முடியாது. பெட்டியக் கட்டச் சொல்லுங்க."

பெட்டி கட்டினால் அதோடு படிப்பு முடிந்தது. அடுத்த வாரமே அவள் கையில் ஒரு அரிவாளைக் கொடுத்து ஏலக்காட்டில் களை வெட்ட அனுப்பிவிடுவார்கள். அந்த வீட்டில் எட்டாம் வகுப்பு வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அது அவளுக்கும் தெரியும்.

காலை எட்டரை மணிக்கு மருந்துப் பெட்டியும் குடையுமாக ரோசி வந்து சேர்ந்தாள்.

ரோசி எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறந்ததும் வந்து, புதுப் பிள்ளைகளுக்குத் தலையில் பேன், கையில் சிரங்கு, காலில் அட்டைக்கடி என்று பார்த்து, பூச்சி மருந்து கொடுத்துவிட்டுப் போவாள். வாயும் ஓயாது, கண்ணும் ஓயாது. அவளும் இதே போர்டிங்கில் படித்தவள்தான். டைபாய்டு வந்து கிடந்தபோது சமையற்கார மூக்கம்மாள் மடியில் போட்டுக் கஞ்சி ஊட்டிப் பிழைக்க வைத்தாள். அந்த நன்றி ரோசிக்கு இன்றுவரை குறையவில்லை. அதனால் வந்ததும் முதலில் போவது சமையற்கட்டுக்குத்தான்.

கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னக்கா, திருநாளும் அதுவுமா கஞ்சியில உப்பே இல்ல?"

"கேக்காத தாயி, வயித்தெரிச்சல்" என்றாள் மூக்கம்மாள். "உப்புக் குடுங்கன்னு கேட்டா ஸ்டோர்காரரு தீந்துபோச்சுங்கிறாரு. போன வாரந்தான் மூட்ட வந்து எறங்குச்சு, சாடி நெறயக் கொட்டி வச்சாரு. ஒரு பக்கம் கிரீடம் போச்சுன்னு எழவு, இன்னொரு பக்கம் புள்ளைக கஞ்சியத் தொடமாட்டேங்குது. இதுல எம் போயிலயையும் எவளோ எடுத்துட்டா. ராத்திரி அரிசி அளக்கப் போனப்ப ஸ்டோர்ல வச்சேன். காலையில பாத்தா வெத்தல இருக்கு, சுண்ணாம்பு இருக்கு, போயில மட்டும் இல்ல."

"கிரீடத் திருடன் போயிலையும் போடுவான் போலிருக்கு."

"சிரிக்காதடி. அந்தப் புள்ளயப் போய்ப் பாரு. கல்லு மாதிரி ஒக்காந்திருக்கு."

வராந்தாவில் வேலுத்தாய் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ரோசி குனிந்து அவள் பாவாடையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். இரண்டு காலிலும் கடி. கணுக்காலில் இரண்டு அட்டைகள் ரத்தம் குடித்துக் கொழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. இத்தனை பேர் கூடி நின்று அவளைக் கேள்வி கேட்டார்கள், அதைப் பார்த்து எடுத்துவிட ஒருவருக்கும் தோன்றவில்லை. ரோசிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"யாராச்சும் ஒரு கை உப்புக் கொண்டாங்க!"

சுவக்கீன் வந்தார். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார்.

"உப்பில்ல நர்சம்மா. மழைக்குக் கசிஞ்சு தண்ணியா ஓடிப்போச்சு. பூப்பாறையிலருந்து வரணும்."

"அட்டைக்குப் போட ஒரு சிட்டிகைகூடவா இல்ல?"

"சத்தியமா இல்ல."

ரோசி மூக்கம்மாளின் சுண்ணாம்பை வாங்கித் தடவினாள். அட்டைகள் சுருண்டு விழுந்தன. டிங்சர் வைத்துக் கட்டும்போதும் வேலுத்தாய் முனகவில்லை.

"ஏன்யா, மழை இந்தப் போடு போடுது. குடை பிடிக்காம சாக்கப் போட்டுக்கிட்டு அலையிறீக?" என்றாள் ரோசி, நிமிராமலே.

"கொடையா? கம்பி ஒடிஞ்சுபோச்சு. போன வாரமே தூக்கிப் போட்டுட்டேன்."

"அடடா. சரி, நீங்களும் அந்தக் காட்டுக்குள்ளதான ஓடினீக? ஒங்க காலையும் காட்டுங்க."

"எனக்கெதுக்கும்மா?"

"காட்டுங்கங்கிறேன். பெறகு சீழ் பிடிச்சா ஆஸ்பத்திரிக்கு நீங்க வரமாட்டீக, நாந்தான் வரணும்."

சுவக்கீன் வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். கால் சுத்தமாக இருந்தது. வேட்டியின் உள்கரையில் மட்டும் மஞ்சளும் பழுப்புமாகக் கறை.

"ஒரு கடிகூட இல்லையே!"

"அந்தோணியார் காப்பாத்திட்டாரு" என்று சுவக்கீன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எப்படி நடந்துச்சு? எனக்கும் ஒருக்காச் சொல்லுங்க."

"ஸ்டோர் வாசல்ல பல்லு வெளக்கிக்கிட்டு நின்னேன். கம்பிளியப் போத்திக்கிட்டு ஒருத்தன் கோயில்லருந்து எறங்கி ஓடுறான். போட்டது போட்டபடி பின்னாலயே ஓடினேன்."

"போட்டது போட்டபடியா?"

"செருப்புக்கூட மாட்டல. கீழ ஓடைக்கர வரைக்கும் போனேன். ஆளக் காணல. ஒவ்வொரு ஏலத் தூருக்குக் கீழயும் குனிஞ்சு குனிஞ்சு தேடினேன். பெறகுதான் வேலியில கம்பிளி கெடந்துச்சு."

"ரொம்ப அலைஞ்சிருக்கீக. ஒரு வெத்தல போடுங்க, குளிருக்கு நல்லது."

"ஐயோ, எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. ஊருக்கே தெரியும்."

"ஆமாமா, மறந்துட்டேன்" என்றாள் ரோசி.

அதற்குப் பிறகு அவள் வேலுத்தாயை நோயாளி அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கட்டில்லதான் நான் டைபாய்டுல கெடந்தேன். சாகப் போறேன்னு நெனச்சேன். பாரு, குண்டா ஒக்காந்திருக்கேன். இப்பச் சொல்லு, காட்டுக்குள்ள ஏன் போனே?"

வேலுத்தாய் தரையைப் பார்த்தாள்.

"ஒன் காலு பூரா கடி. ஏலக்காட்டுல பெறந்த புள்ள நீ. மழைக்காலத்துல காட்டுக்குள்ள எறங்குற யாரும் போயிலய ஊறவச்சு, சோப்பும் எண்ணெயும் போட்டுக் குழப்பி, முழங்கால் வரைக்கும் பூசிக்கிட்டுத்தான் போவாக. ஒங்கம்மா ஒனக்குச் சொல்லித் தரலையா?"

"தந்திருக்கு."

"அப்புறம் ஏன் பூசல?"

"பூச நேரமில்லக்கா." சொன்ன பிறகுதான் வாயைத் திறந்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

"யார் பின்னால ஓடினே?"

இரண்டு வாரமாக அழாதவள் அப்போது அழுதாள். பூ வைக்கப் போனபோது ஆணியில் சாவி இல்லை. கோயில் கதவு திறந்து கிடந்தது. கம்பளி போர்த்திய ஆள் ஒருவர் காட்டுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார். அரை இருட்டிலும் அம்மா போட்ட நீல ஒட்டு முதுகில் தெரிந்தது.

"அப்பான்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாக்கல. பின்னாலயே ஓடினேன். மறுபடியும் கூப்பிட்டேன். வெரசலா நடந்து போயிருச்சு. காட்டுக்குள்ள எனக்கு வழி தெரியலக்கா. எங்கப்பா அப்படிச் செய்யாது. ஆனா அது எங்கப்பா கம்பிளி."

"எத்தனை தடவ கூப்பிட்டே?"

"நாலஞ்சு தடவ."

"மத்த நாள்ல ஒங்கப்பா எத்தனை தடவ கூப்பிட்டா திரும்புவாரு?"

வேலுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "ஒரு தடவதான். ஏலச் சுமையோட போனாலும் நின்னுரும்."

ரோசி எழுந்தாள். "மூஞ்சியக் கழுவு. பெட்டியப் பிரிச்சுத் துணிய எடுத்து வையி."

"சிஸ்டர் போகச் சொல்லிட்டாங்களே."

"நான் சொல்றேன், எடுத்து வையி."

போகிற வழியில் சமையற்கட்டில் ஒரு நிமிஷம் நின்றாள்.

"அக்கா, காலையில நீ எதையாச்சும் பாத்தியா?"

"கம்பிளி போத்தி ஒரு ஆளு காட்டுக்குள்ள போச்சு. பாத்தேன். கஞ்சி பொங்கிருச்சு, திரும்பிட்டேன்."

"பின்னால ஸ்டோர்காரரு ஓடினாரா?"

"அத நான் பாக்கல."

"நேத்து மொக்கையன் வந்தப்ப?"

"ஸ்டோர் வாசல்ல ரெண்டு பேரும் மொணமொணன்னு பேசிக்கிட்டாக. மொக்கையன் கையக் கைய நீட்டிப் பேசினான். ஸ்டோர்காரரு கும்பிட்டாரு. அப்புறம் என்னான்னு தெரியல, ரெண்டு பேரும் நல்லபடியாத்தான் பிரிஞ்சாக. என்னடி, வக்கீலு மாதிரிக் கேக்குற?"

"கும்பிட்டது யாரு, மொக்கையனா?"

"இல்லடி, ஸ்டோர்காரரு!"

ரோசி மூக்கம்மாளின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்துவிட்டு ஆபீஸ் அறைக்குப் போனாள்.

பதினொரு மணி. சிஸ்டர் ஞானஜோதி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சுவக்கீன் கதவோரம் நின்றார். மூக்கம்மாள் கரண்டியும் கையுமாக வந்தாள். வேலுத்தாய் ரோசியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்தது.

"சிஸ்டர், கள்ளன் இந்த ரூமுக்குள்ளதான் இருக்கான்" என்றாள் ரோசி.

"ரோசி, இன்னைக்கு வெளையாடாதே."

"வெளையாடல சிஸ்டர். ரெண்டு பேரு அதே காட்டுக்குள்ள போயிருக்காங்க. ஒருத்தி காலு முழுக்க அட்டைக்கடி. இன்னொருத்தர் காலு பால் மாதிரிச் சுத்தம். கடிபட்டவ திருடின்னு நீங்கல்லாம் முடிவு பண்ணிட்டீங்க. நேர்மாறு. இந்த ஜூன் மாசத்துல, ஏலத் தூருக்குக் கீழ குனிஞ்சு குனிஞ்சு தேடின ஒரு மனுசனை ஒரு அட்டைகூடக் கடிக்காம இருக்குமா?"

"அந்தோணியார்..." என்று ஆரம்பித்தார் சுவக்கீன்.

"அந்தோணியாரை இதுல இழுக்காதீங்க. ஒங்களைக் காப்பாத்துனது மூக்கம்மாக்கா போயில."

மூக்கம்மாள் வாயைப் பிளந்தாள்.

"நேத்து ராத்திரி அக்கா போயிலய ஸ்டோர்லதான் வச்சிருக்கு. ஸ்டோர் சாவி ஒங்க இடுப்புல. நீங்க வெத்தல போடுறதில்ல. அப்ப அந்தப் போயில எங்க போச்சு? காலுக்குப் போச்சு. பூசினதைக் கழுவிட்டீங்க, வேட்டி உள்கரையில இருக்கிற கறையப் பாக்கல. கள்ளனைக் கண்டதும் போட்டது போட்டபடி ஓடுனேன்னீங்க. அப்படி ஓடுறவன் போயிலய ஊறவச்சுச் சோப்புப் போட்டுக் குழப்பிப் பூசிக்கிட்டா ஓடுவான்? இந்தப் புள்ள நெசமாவே போட்டது போட்டபடி ஓடுச்சு. அதான் அதுக்குக் கடி. காட்டுக்குள்ள எறங்கப் போறோம்னு முன்னாடியே தெரிஞ்ச ஆளுதான் பூசுவாரு. ஒங்களைச் சொல்லிக் குத்தமில்ல. எத்தனையோ வருஷக் கங்காணிக் கை. காடுன்னு நெனச்சதும் அது தானாப் பூசிருச்சு."

சுவக்கீன் சிரிக்கப் பார்த்தார். "போயிலக் கறைய வச்சுக்கிட்டு... கம்பிளிக்கு என்ன சொல்றீங்க நர்சம்மா? மொக்கையன் கம்பிளி என் கைக்கு எப்படி வரும்? அவன் நேத்தே அதப் போத்திக்கிட்டுப் பஸ் ஏறிப் போனவன். ராத்திரி திரும்பி வந்திருக்கான். இப்ப ஊரைவிட்டே ஓடியிருப்பான்."

ரோசிக்கு அந்த ஒரு இடம்தான் இன்னும் இடித்துக்கொண்டிருந்தது. கம்பளி எப்படிக் கைமாறியது? அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு, சாட்சி இல்லை. சிஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது வெளியே படியில் காலைத் தட்டி மண்ணை உதறுகிற சத்தம் கேட்டது.

"ஐயா இருக்காகளா? ஸ்டோர் ஐயா?"

வாசலில் ஒல்லியான மனிதர் ஒருவர் நின்றார். உடம்பெல்லாம் சிரிப்பு. கையில் நன்றாக மடித்துக் கட்டிய ஒரு கறுப்புக் குடை.

"திருநாள் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி குடுத்துறலாம்னு வந்தேன். நேத்துக் கடைசிப் பஸ்ஸு போயிருச்சுய்யா. சாந்தன்பாறையில சித்தப்பா மகன் லயத்து வீட்டுலதான் படுத்தேன். நீங்க மட்டும் கொடை குடுக்கலேன்னா நனைஞ்சே செத்திருப்பேன். கம்பிளி காஞ்சுருச்சா? அடுப்போரமாப் போட்டுக் காயவைக்கிறேன்னீகளே. ரொம்ப உபகாரம்யா. நல்லாயிருப்பீக."

மொக்கையன் இரண்டு கையாலும் குடையை நீட்டினார். அதன் கம்பிகளில் ஒன்றுகூட ஒடிந்திருக்கவில்லை.

சுவக்கீன் குடையை வாங்கவில்லை.

"போன வாரம் தூக்கிப் போட்ட கொடை திரும்பி வந்திருக்கு பாருங்கய்யா" என்றாள் ரோசி. "அந்தோணியார் வேலை செய்ய ஆரம்பிச்சுட்டாரு."

சிஸ்டர் எழுந்து நின்றார். "சுவக்கீன், கிரீடம் எங்கே?"

சுவக்கீன் வாசலைப் பார்த்தார்.

"நான் சொல்றேன் சிஸ்டர்" என்றாள் ரோசி. "மலையில இருக்கிறவங்க அட்டைக்கு உப்புக் கேட்டா எதிராளி வீட்டுலகூடக் குடுப்பாங்க. ஒரு புள்ள காலுல அட்டை தொங்குது, இவர் ஒரு சிட்டிகை உப்புக் குடுக்கல. போன வாரம் எறங்குன மூட்டை. திருநாளைக்கு அத்தனை புள்ளைகளும் உப்பில்லாத கஞ்சி குடிச்சிருக்கு. உப்புச் சாடிக்குள்ள யாரும் கைவிடக் கூடாதுன்னு ஒருத்தர் நெனைச்சா, அதுக்குள்ள என்னமோ இருக்கு."

மூக்கம்மாள் சாவியைக் கேட்கவில்லை. சுவக்கீன் இடுப்பிலிருந்து உருவிக்கொண்டே ஓடினாள். திரும்பி வந்தபோது முழங்கை வரை உப்பு, கையில் கிரீடம். வெள்ளி அங்கங்கே கறுத்துப் போயிருந்தது.

"பாவி மனுசா! சாமி கிரீடத்த ஊறுகா போட்டுட்டியே! எங் கஞ்சியையும் கெடுத்துட்டியே!"

அதற்கப்புறம் எதையும் பிடுங்கிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. மொக்கையன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். பிள்ளைகளுக்கு வருகிற பால்பவுடர் டப்பாவைச் சந்தைக் கடையில் விற்பனைக்கு அடுக்கியிருந்ததை அவர் பார்த்துவிட்டார். அதைக் கேட்கத்தான் நேற்று வந்தார். சுவக்கீன் கையெடுத்துக் கும்பிட்டு, இனிமேல் செய்யமாட்டேன் என்றார். மழையில் போகாதே, கம்பளி காயட்டும் என்று குடையும் கொடுத்து அனுப்பினார்.

"எங்கிட்ட ஏன் வந்து சொல்லல மொக்கையா?" என்றார் சிஸ்டர்.

"புள்ளகுட்டிக்காரரு சிஸ்டர். வேல போயிருமேன்னு பாத்தேன்."

சிஸ்டர் அந்தப் பதிலுக்குத் தலைகுனிந்தார். கிரீடத்தின்மேல் சுவக்கீனுக்கு ஆசை இல்லை. மொக்கையனைத் திருடனாக்கிவிட்டால் அவர் சொல்வதை அப்புறம் யார் நம்புவார்கள்? அதற்குத்தான் கம்பளி. மகள் பின்னாலேயே ஓடிவருவாள் என்பது மட்டும் சுவக்கீன் கணக்கில் இல்லாதது.

சாந்தன்பாறையிலிருந்து போலீஸ் வந்து சுவக்கீனை அழைத்துப்போனபோது நல்ல மழை. மொக்கையன் பின்னாலேயே ஓடிப்போய்க் குடையை அவர் கையில் திணித்தார்.

"கொண்டுபோங்கய்யா, நனையாதீக. எனக்குத்தான் கம்பிளி வந்துருச்சே."

சுவக்கீன் குடையை விரிக்காமலே நடந்து போனார்.

மூன்று மணிக்குப் பூசை. மூக்கம்மாள் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்த கிரீடம் குழந்தை இயேசுவின் தலையில் மின்னியது. கொலுசு கொடுத்த பெண்கள் நிறைந்திருந்தார்கள். பூ வைத்தவள் வேலுத்தாய். சிஸ்டர் அவளைக் கையைப் பிடித்து எல்லார் முன்னாலும் கூட்டிப்போய் முதல் வரிசையில் உட்காரவைத்தார். "தப்புப் பண்ணிட்டேன்மா" என்று காதோடு சொன்னார். ராத்திரிக் கஞ்சிக்கு மூக்கம்மாள் கை நிறைய அள்ளி உப்புப் போட்டதில் அது கரித்தது. ஒரு பிள்ளையும் குறை சொல்லவில்லை.

மொக்கையன் ரோசியைத் தேடி வந்து கும்பிட்டார். "ஒங்களுக்கு நான் என்னத்தக் குடுப்பேன் தாயி? எம் மகளக் காப்பாத்திக் குடுத்துட்டீக."

"என்னையும் இந்த வீட்டுலதான் ஒருத்தி காப்பாத்துனா அண்ணே. அவளுக்கு நாலு வெத்தலயும் ஒரு போயிலயும் வாங்கிக் குடுங்க, போதும்" என்றாள் ரோசி. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

சாயங்காலம் மழை விட்டு வானம் வெறித்தது. கடைசிப் பஸ்ஸுக்கு மொக்கையன் கிளம்பினார். காய்ந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏலக்காட்டு வழியில் இறங்கினார். நீல ஒட்டு முதுகில் தெரிந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வேலுத்தாய் இரண்டடி முன்னால் வைத்தாள்.

"அப்பா!"

சத்தம்கூடச் சரியாக எழும்பவில்லை. மொக்கையன் அந்த இடத்திலேயே நின்று திரும்பினார்.

"என்னாத்தா?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மா கூப்பிட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். அவள் உள்ளே போய், பெட்டியிலிருந்து எடுத்து வைத்த புத்தகத்தைத் திறந்தாள்.